மூன்றிலொரு பங்கு என்னும் மூடநம்பிக்கை

கேமராவைக் கையில் எடுக்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு விதி சொல்லித் தரப்படுகிறது. பிரேமை நெடுக்காக இரண்டு கோடு, குறுக்காக இரண்டு கோடு போட்டு ஒன்பது கட்டமாகப் பிரித்துக்கொள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளில் ஒன்றில் சப்ஜெக்டை வை. அடிவானம் மேல்கோட்டிலோ கீழ்க்கோட்டிலோ இருக்கட்டும். நடுவில் மட்டும் எதையும் நிறுத்தாதே. ரூல் ஆஃப் தேர்ட்ஸ் என்றும் மூன்றிலொரு பங்கு விதி என்றும் இதைச் சொல்கிறோம். யூடியூப் பாடங்களில் இதுதான் முதல் பாடம். வார இறுதிப் பயிலரங்குகளில் முதல் ஸ்லைடு. கிளப் போட்டிகளில் நடுவர் முதலில் சொல்லும் குறையும் இதுதான்: “சப்ஜெக்ட் சென்டர்ல இருக்கு, கொஞ்சம் லெஃப்ட்ல தள்ளியிருக்கலாம்.” அந்த ஒரு வாக்கியத்தோடு எத்தனையோ நல்ல படங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு பரிவாரமே வருகிறது. பொன் விகிதம், ஃபிபொனாச்சி சுருள், கண்ணை இழுத்துச் செல்லும் கோடுகள், ஒற்றைப்படை எண்ணிக்கை, பார்வை போகும் பக்கம் இடம் விடுதல். எல்லாம் சேர்ந்து ‘காம்போசிஷன் விதிகள்’ என்ற பெயரில் ஒரு பாடத்திட்டமாகிவிட்டன. இவற்றைப் பின்பற்றினால் படம் நன்றாக வரும், பின்பற்றாவிட்டால் வராது, மேதைகள் மட்டும் மீறலாம் என்பது இன்று புகைப்படம் கற்பிப்பவர்களில் பெரும்பாலோரின் நம்பிக்கை. அதற்கு வரலாற்றில் ஆதாரமில்லை. கண் பார்க்கும் விதத்தில் ஆதாரமில்லை. நாம் கொண்டாடும் படங்களிலும் ஆதாரமில்லை. அது கற்பவர்களுக்குத் தீங்கு செய்கிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பிறப்பு. 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் செதுக்கு ஓவியர் கிராமப்புறக் காட்சிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னாளில் பிரிட்டிஷ் மியூசியத்தில் அச்சோவியங்களுக்குக் காப்பாளராக இருந்தவர். ஒரு படத்தில் இரண்டு வெளிச்சங்கள் சமமாக இருக்கக் கூடாது, ஒன்று தலைமை ஏற்க வேண்டும் என்ற ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸின் கருத்தை அந்த நூலில் அவர் விரித்துக்கொண்டு போகிறார். நிலக்காட்சியில் வானத்துக்கு இரண்டு பங்கு கொடுத்தால் நிலத்துக்கு ஒரு பங்கு கொடுக்கலாம், மாற்றியும் கொடுக்கலாம். நீரும் நிலமும்கூட அப்படியே பகிர்ந்துகொள்ளலாம் என்கிறார். இதை மூன்றிலொரு பங்கு விதி என்று அழைக்கலாமா என்று வாசகரிடம் தயக்கத்தோடு அனுமதியும் கேட்டுக்கொள்கிறார். அவர் பேசியது பரப்பைப் பகிர்வது பற்றி. நான்கு வெட்டுப்புள்ளிகள் அங்கே இல்லை. ஒரு மனிதரின் முகத்தை எங்கே வைப்பது என்ற பேச்சும் இல்லை. டாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட இன்னும் 42 ஆண்டுகள் இருந்தன. இங்கிலாந்தின் வயல்வெளியை வரைகிற ஒருவர் கூச்சத்தோடு சொன்ன ரசனைக் குறிப்பு, இருநூறு ஆண்டுகள் கழித்துத் திருவல்லிக்கேணியில் போர்ட்ரெய்ட் எடுப்பவருக்கும் கட்டளையாகியிருக்கிறது.

விதிக்கு ஆதாரம் கேட்டால், புகழ்பெற்ற படங்களின் மேல் கட்டக் கோடுகளைப் பதித்துக் காட்டுவார்கள். கண் கோட்டில் இருக்கிறது, கை புள்ளியில் இருக்கிறது என்பார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 5 சதவீதம் தள்ளியிருந்தாலும் ‘கோட்டில் இருக்கிறது’ என்றே எல்லோரும் ஒத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு கோடும் 10 சதவீத அகலமுள்ள ஒரு பட்டை. நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு. ஒன்றின் மேல் ஒன்று விழும் இடங்களைக் கழித்த பிறகும் இந்த நான்கு பட்டைகள் பிரேமின் பரப்பில் 36 சதவீதத்தை மூடிவிடுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒரு புள்ளி வைத்தால்கூட மூன்றில் ஒரு தடவைக்கு மேல் அது ‘விதிப்படி’ அமைந்துவிடும். படத்தில் முகம், கை, விளக்கு, கதவு, ஜன்னல் என்று ஐந்து விஷயங்கள் சிதறிக் கிடந்தால், அவற்றில் ஏதேனும் ஒன்றாவது பட்டைக்குள் விழும் வாய்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம். எதை எடுத்தாலும் நிரூபணமாகிவிடும் ஒன்று எதையும் நிரூபிப்பதில்லை. ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தரமான புகைப்படங்களையும் ஓவியங்களையும் பெரும் எண்ணிக்கையில் எடுத்து இந்த விதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் படங்களில் இந்த விதிக்கு ஏதேனும் பங்கு இருந்தால் அது மிகச் சிறியது என்பதே அவர்கள் கண்டது.

பொன் விகிதத்தின் கதை இதைவிடப் பலவீனமானது. 1.618 என்ற எண்ணின் கணிதம் யூக்ளிட் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். அதை இயற்கைக்கும் கலைக்கும் பொதுவான அழகு விதியாகப் பரப்பியவர், 1854-ல் நூல் எழுதிய ஜெர்மானியரான அடால்ஃப் ஸைசிங். நம் கேமராவின் முழு பிரேம் 36-க்கு 24 மி.மீ.; விகிதம் 1.5. இதில் எந்தப் பிரபஞ்ச ரகசியமும் கிடையாது. லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக், சினிமா ஃபிலிமின் 24-க்கு 18 பிரேம் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கினார், அவ்வளவுதான். இந்தப் பிரேமில் பொன் விகிதக் கோடு விளிம்பிலிருந்து 13.75 மி.மீ. தள்ளி விழும், மூன்றிலொரு பங்குக் கோடு 12 மி.மீ. தள்ளி விழும். இடையே 2 மி.மீ.கூட இல்லை. ஒரே படத்தை வைத்து இரண்டு கட்சியினரும் தங்கள் விதியை நிலைநாட்ட முடிவது இதனால்தான். சுருளோ, இடவலமாகவும் தலைகீழாகவும் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் வைக்க அனுமதி இருக்கும்வரை எந்தப் படத்திலும் பொருந்தும்.

இந்த விவாதத்தில் எப்போதும் சாட்சிக்கு அழைக்கப்படுபவர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1950-ல் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர் என்பதால் நமக்கும் அந்நியரல்ல. இளமையில் ஆந்த்ரே லோத்திடம் ஓவியம் பயின்றவர். வடிவியல் மேல் அவருக்கு இருந்த பற்று உண்மையானது. ஆனால் 1952-ல் வந்த தன் புகழ்பெற்ற நூலின் முன்னுரையில் அவர் என்ன சொன்னார் என்பதைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் சொல்வதில்லை. வியூஃபைண்டரில் மாட்டிக்கொள்ளக் கட்டச் சட்டங்களைக் கடைகள் விற்கும் நாள் வராதிருக்கட்டும், ஃபோகஸ் கண்ணாடியில் பொன் விதி செதுக்கப்படாதிருக்கட்டும் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். அந்த நாள் வந்துவிட்டது. ஒவ்வொரு செல்போன் கேமராவிலும் அந்தக் கட்டம் இருக்கிறது, அவர் பெயரைச் சொல்லியே அது கற்பிக்கப்படுகிறது.

அவருடைய செயிண்ட்-லாஸார் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1932, பாரீஸ் ரயில் நிலையத்தின் பின்புறம். தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிறார் ஒருவர். வேலிப் பலகைகளின் இடுக்கில் லென்ஸை நுழைத்து எடுத்த படம். நெகட்டிவின் இடப்பக்கத்தைப் பலகை மறைத்துவிட்டதால் பிறகு அந்தப் பகுதியை வெட்டித்தான் பிரின்ட் போட்டார்கள். குதிப்பவர் வலது விளிம்பை நெருங்கி நிற்கிறார். அந்தப் படம் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? குதிகால் தண்ணீரைத் தொடவில்லை. கண்ணாடி போன்ற நீரில் அவருடைய நிழலுருவம் தலைகீழாகக் குதிக்கிறது. பின்னால் சுவரொட்டியில் ஒரு நடனக்காரி அதே தோரணையில் தாவிக்கொண்டிருக்கிறாள். அவரும் பிம்பமும் சுவரொட்டியும் ஒரே கணத்தில் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்கின்றன. அரை விநாடி கழித்து, அதே மனிதர் மிகச் சரியாக வெட்டுப்புள்ளியில் விழுந்திருந்தாலும் அங்கே படமே இல்லை. கலங்கிய தண்ணீர்தான் இருந்திருக்கும்.

காம்போசிஷன் என்று நான் நினைப்பது இதைத்தான்: எது எதோடு உறவுகொள்கிறது என்று முடிவெடுப்பது. எங்கே நிற்கிறோம், எதை வெளியே விடுகிறோம், எந்தக் கணத்தில் விரலை அழுத்துகிறோம் என்ற மூன்று முடிவுகளால் அந்த உறவு உண்டாகிறது. கட்டக் கோடுகள் இந்த மூன்றைப் பற்றியும் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. அவை பேசுவதெல்லாம், எல்லாம் முடிவான பிறகு சப்ஜெக்டை இரண்டு அங்குலம் நகர்த்துவது பற்றி.

எங்கே நிற்பது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பயிலரங்குகளில் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கப்படுவதில்லை. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் வாசலில் பூ விற்கும் ஒரு பெண்மணியைக் கோபுரத்தோடு சேர்த்துப் படமெடுக்கிறீர்கள். அவர் உங்களிடமிருந்து 2 மீட்டரில் இருக்கிறார், கோபுரம் 50 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 8 மீட்டர் பின்னால் நடங்கள். அவர் 10 மீட்டருக்குப் போய்விட்டார். உருவம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும். கோபுரம் 58 மீட்டருக்குப் போகிறது. ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் சிறுக்கும். ஜூம் செய்து அவரை முன்பிருந்த அளவுக்கே கொண்டுவந்தால், அவருக்குப் பின்னால் கோபுரம் முன்னைவிட நான்கு மடங்குக்கு மேல் பெரிதாக எழுந்து நிற்கும். முதல் படத்தில் கோபுரம் தூரத்து அடையாளம். பூக்காரம்மாதான் தெருவின் அரசி. இரண்டாவது படத்தில் கோபுரத்தின் அடியில் ஒரு சிறு வாழ்க்கை. இரண்டும் இரண்டு கதைகள். இரண்டிலும் அவரை இடக்கோட்டின் மேல் வைக்க முடியும். விதிக்கு இரண்டு படமும் ஒன்றுதான்!

பெர்ஸ்பெக்டிவ் லென்ஸால் மாறுவதில்லை, நிற்கும் இடத்தால்தான் மாறுகிறது என்ற இந்த அடிப்படை உண்மை, ஆயிரம் கட்டக் கோடுகளைவிட ஒரு மாணவருக்குப் பயன்படும். ஜூம் லென்ஸ் வந்த பிறகு நின்ற இடத்திலேயே வேரூன்றிவிடும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அதற்கு மேல், நின்ற இடத்திலிருந்தே படத்தைச் ‘சரி’ செய்துவிடலாம் என்ற எண்ணத்தைக் கட்டம் கொடுக்கிறது. கால் நகர வேண்டிய நேரத்தில் கை நகர்கிறது.

எதை வெளியே விடுவது என்பதற்கு டோரத்தியா லாங்கின் ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 1936 மார்ச், கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம். லாங்க் எடுத்தது ஒரே படமல்ல. முதலில் தூரத்திலிருந்து: கூடாரம், அதனுள் நாற்காலியில் ஒரு பதின்ம வயதுப் பெண், சாமான்கள், தாய், குழந்தைகள். எல்லா விவரமும் அதில் இருக்கிறது, ஆனால் படம் இல்லை. பிறகு அவர் நெருங்கிக்கொண்டே போகிறார். பதின்ம வயது மகள் பிரேமுக்கு வெளியே போகிறாள். கூடாரமும் சாமான்களும் போகின்றன. கடைசிப் படத்தில் தாயின் முகம், தாடையருகே அவர் கை, மடியில் கைக்குழந்தை, இரு தோள்களிலும் சாய்ந்து நம்மிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட இரண்டு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் முகம் தெரிந்திருந்தால் நம் பார்வை மூன்றாகப் பிரிந்திருக்கும். தெரியாததால் அவர்களுடைய பாரம் முழுவதும் தாயின் முகத்தில் வந்து இறங்குகிறது. அவர் கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறார். வேறெங்கே இருக்க முடியும்?

கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் அந்தப் படத்தின் கீழ் வலது மூலையில் தெரிந்தது. லாங்க் பின்னாளில் அதை நெகட்டிவிலேயே மங்கலாக்கச் செய்தார். அவரை வேலைக்கு வைத்திருந்த ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆவணத்தில் கைவைத்தது சரியா என்பது தனி விவாதம். நான் ஸ்ட்ரைக்கர் பக்கம். ஆனால் அந்தச் சம்பவம் ஒன்றைக் காட்டுகிறது. அனுபவமுள்ள கண்ணுக்கு உறுத்தியது தாய் எந்தக் கோட்டில் இருக்கிறார் என்பதல்ல, பிரேமின் ஓரத்தில் நுழைந்த ஒரு விரல். படங்கள் பெரும்பாலும் ஓரங்களில்தான் கெடுகின்றன: பாதி வெட்டுப்பட்ட கால், தலையிலிருந்து முளைத்தது போன்ற மின்கம்பம், மூலையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பை. நான்கு விளிம்பையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு விரலை அழுத்து என்று சொல்லித் தரும் ஆசிரியர் மாணவருக்கு உண்மையான நன்மை செய்கிறார்.

வெளியே விடுவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தத் தாயின் பெயரையும் லாங்க் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற பெயர் 1978-ல்தான் உலகுக்குத் தெரிந்தது. தன் முகம் இப்படிப் பயன்பட்டதில் அவருக்கு மனக்கசப்பு இருந்தது. பிரேமுக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்பது அழகு பற்றிய கேள்வி மட்டுமல்ல, ஒரு மனிதரைப் பற்றி என்ன சொல்கிறோம் என்ற பொறுப்பும் கூட. கட்டம் போட்டுக் கற்பிப்பவர்கள் இந்தப் பொறுப்பை மாணவரின் கண்ணிலிருந்து முழுவதுமாக மறைத்துவிடுகிறார்கள்.

கண்ணை இழுத்துச் செல்லும் கோடுகள் பற்றியும் பேச வேண்டும். தண்டவாளம், வரப்பு, பாலத்தின் கைப்பிடி ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு பார்வையாளரின் கண் சப்ஜெக்டுக்குப் போய்ச் சேரும் என்று நம்பிக்கையோடு சொல்கிறார்கள். கண்ணின் ஓட்டத்தை உண்மையிலேயே அளந்து பார்த்தவர்கள் உண்டு. சோவியத் விஞ்ஞானி ஆல்ஃப்ரெட் யார்பஸின் சோதனைகள் 1967-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தன. நாடு கடத்தப்பட்டவர் எதிர்பாராமல் வீடு திரும்புவதைக் காட்டும் இல்யா ரேப்பினின் ஓவியத்தை ஒரே மனிதரிடம் ஏழு முறை காட்டி, முதல் முறை தவிர ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்டார் யார்பஸ். இவர்களுக்கு என்ன வயது என்று கேட்டபோது கண் முகங்களுக்கு இடையே ஓடியது. குடும்பத்தின் வசதி என்ன என்று கேட்டபோது மேசை நாற்காலிகளுக்கும் உடைகளுக்கும் போனது. ஓவியத்தின் கோடுகள் ஏழு முறையும் அதே இடத்தில்தான் இருந்தன. கண்ணின் பாதை ஒவ்வொரு முறையும் வேறு. கோட்டின் மேல் ஊர்ந்து போவது கண்ணின் வழக்கமல்ல. அது தாவுகிறது, தனக்குத் தேவையானதைத் தேடித் தாவுகிறது.

கோடுகளால் பயனில்லை என்று இதற்குப் பொருளில்லை. சாய்கோடு ஆழத்தைக் காட்டும். வளைந்த வரப்பு நிலத்தின் உடலைக் காட்டும். இருட்டில் வெளிச்சமான இடத்துக்கும், மங்கலில் கூர்மையான இடத்துக்கும், எங்கிருந்தாலும் மனித முகத்துக்கும் நம் பார்வை போகும் என்பதும் உண்மைதான். ஆனால் இவையெல்லாம் பார்த்தலைப் பற்றிய உண்மைகள். இவற்றைத் தெரிந்துகொண்டு ஒருவர் தன் படத்துக்கு வேண்டியபடி முடிவெடுக்கலாம். ‘எப்போதும் இந்த இடத்தில் வை’ என்பது உண்மையல்ல, உத்தரவு.

எல்லா உத்தரவுகளிலும் என்னை அதிகமாக வருத்துவது ‘நடு கூடாது’ என்பது. நடுவில் நிறுத்தப்பட்ட மனிதர் நம்மை நேருக்கு நேர் சந்திக்கிறார். ஜெர்மனியின் விவசாயிகளையும் சமையல்காரரையும் நோட்டரியையும் ஆகஸ்ட் ஸாண்டர் அப்படித்தான் நிறுத்தினார். டயான் ஆர்பஸின் இரட்டைச் சகோதரிகள் சதுரப் படத்தின் நடுவில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். அவர்களைக் கோட்டுக்குத் தள்ளினால் இருவருக்கும் உள்ள சிறு வித்தியாசங்களைத் தேடிப் பார்க்கும் நம் பதற்றமே போய்விடும். பெர்ண்ட் பெஹரும் ஹில்லா பெஹரும் தண்ணீர்த் தொட்டிகளையும் உருக்கு உலைகளையும் மேகமூட்டமான வெளிச்சத்தில், நடுவில், நேராக, பல பத்தாண்டுகள் எடுத்தார்கள். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதற்கு நடுவைவிட நேர்மையான இடம் இல்லை.

1984 டிசம்பரில், விஷவாயு கசிந்த போபாலில், மண்ணில் புதைக்கப்படும் பெயர் தெரியாத குழந்தையின் முகத்தை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியோவும் எடுத்தார்கள். திறந்த கண்கள், சுற்றிலும் மண், ஒரு கை. அதில் பார்த்தலோமியோவின் படம் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. அந்த முகத்தை வெட்டுப்புள்ளிக்கு நகர்த்தி, ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’ விட்டு அழகுபடுத்தியிருக்கலாம் என்று யாராவது சொல்வார்களா? அங்கே சொல்லக் கூசும் ஒன்றை, ஒரு பாட்டியின் போர்ட்ரெய்ட்டைப் பார்த்து மட்டும் ஏன் கூசாமல் சொல்கிறோம்?

தமிழர்களாகிய நாம் இதில் கூடுதலாக யோசிக்க வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்தில் தெய்வம் நடுவில் இருக்கிறது. நடராசரின் திருவாசி நடுவைச் சுற்றித்தான் வளைகிறது. வாசலில் போடும் புள்ளிக்கோலம் நடுவிலிருந்துதான் விரிகிறது. ஸ்டுடியோவில் நாற்காலியில் அமர்ந்து கேமராவை நேராகப் பார்த்த நம் தாத்தா பாட்டிகள் காம்போசிஷன் தெரியாதவர்களால் எடுக்கப்பட்டவர்கள் அல்லர். நேரே பார்ப்பதும் நேரே பார்க்கப்படுவதும் மரியாதையாக இருக்கும் ஒரு பண்பாட்டில் அந்தப் படங்கள் எடுக்கப்பட்டன. நம்முடையது என்பதால் அது உயர்ந்தது என்று நான் வாதாடவில்லை. ஒரு காலத்தின், ஓர் ஊரின் ரசனையை எல்லாக் கண்ணுக்கும் பொதுவான இயற்கை விதியாக்கக் கூடாது என்பதே என் வாதம்.

சப்ஜெக்ட்தான் பிரேமைத் தீர்மானிக்கிறது என்பதற்குத் தஞ்சையிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 1858-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் ட்ரைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பதிவுசெய்ய வேண்டும். எந்த ஒரு பிரேமிலும் அவை அடங்காது. அவர் சுவரை ஒட்டியே நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 பிரின்ட்களை ஒட்டி ஒரே நீண்ட சுருளாக்கினார். படிக்க வேண்டிய கல்லுக்கு, படித்துக்கொண்டே நடக்கும் வடிவத்தைக் கொடுத்தார். அதை எந்தக் கட்டத்தால் அளப்பது?

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ‘தொடக்கத்தில் விதி வேண்டும், இலக்கணம் தெரிந்தவன்தான் மீற முடியும்’ என்கிறார்கள். பணிவாகத் தோன்றும் இந்த வாதம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. இலக்கியத்தைக் கண்ட பிறகே இலக்கணம் என்பது நம் மரபு. நல்ல எழுத்தாளர்கள் எழுதுவதை ஒரு விதி விளக்கவில்லை என்றால் தவறு எழுத்தாளர்களுடையதல்ல, விதியுடையது. ஸாண்டர், ஆர்பஸ், பெஹர் தம்பதியினர், போபாலில் நின்ற இருவர் ஆகிய அனைவரையும் ‘விதியை மீறியவர்கள்’ பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால், விதியின் பக்கம் கடைசியில் யார் மிஞ்சுவார்கள்? அவர்கள் எதையும் மீறவில்லை. அந்த விதி அவர்கள் வேலையில் ஒருபோதும் இருந்ததில்லை.

ராபர்ட் ஃப்ராங்குக்கு நடந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். ‘அமெரிக்கர்கள்’ நூலின் 83 படங்கள் 1958-ல் பாரீஸிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் வெளிவந்தபோது, அடிவானம் சாய்ந்திருக்கிறது, படம் கலங்கியிருக்கிறது, அலட்சியமாக எடுக்கப்பட்டிருக்கிறது என்று அன்றைய முன்னணிப் புகைப்படப் பத்திரிகை ஒன்று சாடியது. சாய்ந்த அடிவானம் ஒரு நாட்டின் நிலைகுலைவைப் பற்றிப் பேசுகிறது என்பதை அவர்களால் பார்க்க முடியவில்லை. விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்குப் படம் கண்ணில் படாது, பிழைதான் படும். இன்று இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான புகைப்பட நூல்களில் ஒன்றாக ‘அமெரிக்கர்கள்’ போற்றப்படுகிறது.

தொடக்கத்தில் இருப்பவருக்குக் கைப்பிடி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டம் அவருக்குத் தருவது கைப்பிடி அல்ல, யோசிக்காமல் இருக்க ஓர் அனுமதி. முதல் மாதம் படத்தில் ஒரு முன்னேற்றம் தெரியும். எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பழகியவர் ஓரத்துக்குப் போனதும் புதுமையாக இருக்கும். அதன் பிறகு அங்கேயே நின்றுவிடுகிறார். இன்ஸ்டாகிராமில் சூரிய உதய நேரத்து மெரினாக் கட்டுமரங்களைப் பாருங்கள். வலது கீழ்ப்புள்ளியில் கட்டுமரம், மேல்கோட்டில் அடிவானம், இடப்பக்கம் காலி. யார் எடுத்தது என்று சொல்ல முடியாத ஆயிரக்கணக்கான படங்கள். கடலோரத்தில் வலை உலர்த்துபவரின் முகம், கரையேறும் படகை இழுக்கும் தோள்கள், ஐஸ் பெட்டி சுமக்கும் பெண்கள் எல்லாம் அந்தக் காலியிடத்துக்காக வெளியே தள்ளப்பட்டிருக்கிறார்கள். இப்போது செயலிகளே கிராப்பைப் பரிந்துரைக்கின்றன. கட்டத்தில் வைப்பதுதான் காம்போசிஷன் என்றால் அந்த வேலைக்கு மனிதர் தேவையில்லை. அந்த முடிவுக்கு நம் மாணவர்களை நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

அதற்குப் பதில் என்ன கற்பிப்பது என்று கேட்கலாம். ஒரு பொருளை வைத்து, அதைச் சுற்றி நடந்து, நெருங்கி, விலகி, குனிந்து, ஏறி எடுக்கச் சொல்லுங்கள்; எல்லாப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னணியோடு அந்தப் பொருளின் உறவு எப்படி மாறுகிறது என்று பேசச் சொல்லுங்கள். லாங்கின் தொடரை வரிசையாகக் காட்டி, ஒவ்வொரு அடியிலும் எது வெளியே போனது என்று கேளுங்கள். ஒரே தெருமுனையில் ஒரு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள், மனிதர்கள் ஒருவரையொருவர் மறைப்பதும் விலகுவதும் எந்தக் கணத்தில் ஒரு வடிவம் ஆகிறது என்று கண்டுகொள்ளட்டும். இது கட்டத்தைவிடக் கடினமானது, மெதுவாக வருவது. ஆனால் வந்துவிட்டால் போகாது.

கிளப் போட்டிகளில் தீர்ப்பு வழங்கும் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மதிப்பெண் தாளிலிருந்து அந்த விதியின் பெயரை எடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் ஓர் இளைஞர் நடுவில் முகம் வைத்த படத்தோடு உங்கள் முன் வந்து நிற்கும்போது, ஏன் நடுவில் வைத்தாய் என்று திட்டாதீர்கள். எங்கே நின்று எடுத்தாய், எதை வெளியே விட்டாய், ஏன் அந்தக் கணத்தில் எடுத்தாய் என்று கேளுங்கள். அவரிடம் பதில் இருந்தால் படத்தை அந்தப் பதிலோடு வைத்துப் பாருங்கள். பதில் இல்லையென்றால் அதைத் தேடிக்கொண்டு திரும்பிப் போய் எடுத்துவரச் சொல்லுங்கள்.